தனிச்சட்டி

வலைஞர்மடம்,
முல்லைத்தீவு.
06.11.1994

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் சுகம். உங்களுக்கும் அத்தானுக்கும் சின்னவள் நிறஞ்சனாவுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கன்னியர் மடத்துச் சிஸ்ரர்மாரின் மருத்துவ விடுதியில் மூன்று மாதம் கிடந்தது போதும் என்று சிஸ்ரர் அலோசியாவே அனுப்பிவைத்தா. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிட வேண்டுமாம். எல்லாமும் சாப்பிட வேண்டுமாம். தனியே இருந்து சாப்பிடக்கூடாதாம். அதனால் அப்பா நேரத்துக்கு வந்து எனக்கு முன்னால் சம்மணம் கொட்டி இருக்கிறார். தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துச் சாப்பிடுகிறார்.

புதன்கிழமை ஆத்துமாக்களின் பூசை. வின்சன் அண்ணா கடலோடு போய் இரண்டு வருடமாகிவிட்டது, கல்லறை இல்லாதவனுக்கு எங்கே மெழுகுதிரி கொளுத்துவது என்று அப்பா போன வருடம் போலவே நின்றார். கடைசியில் கடற்கரை மணலில் குத்திக் கொளுத்தினார். காற்று விடவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கும். கடல் ஆளைத் தராவிட்டால் அதன் மீனை வீட்டுக்குள் ஏற்றுவதில்லை என்ற எங்கள் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் வரைக்கும் நாங்கள் மீன் தொடவில்லை. அன்றைக்கு அப்பா ஒரு துண்டு மீனைக் கடித்து அதை முடித்துவைத்தார். நீங்களும் கடித்தீர்கள். நான் கடிக்கவில்லை. சாவீட்டுச் சந்தடியில் அதை யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மீனோடு நின்றிருக்க வேண்டியது சோற்றுக்கு வந்தது, சாப்பிட்டதையும் வெளியே எடுக்கிற அளவுக்கு வந்தது. அதை நான் திரும்ப எழுதவில்லை.

இப்போது ஒரு புதுத் தொல்லை. சாப்பிட்டதும் நெஞ்செரிகிறது. புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் வருகிறது. இவ்வளவு காலமும் வயிற்றைப் படுத்திய பாட்டுக்கு அது இப்போது கணக்குத் தீர்க்கிறதாம், போகப்போகச் சரியாகுமாம், சிஸ்ரர் சொல்கிறா. சாப்பிட்டவுடன் படுக்காமல் இருக்க வேண்டும், தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும். அப்பா கட்டிலின் தலைப்பக்கக் காலுக்குக் கீழே கல் வைத்தார். "இனி உனக்கு முன் அணியம் தூக்கின தோணியிலதான் நித்திரை" என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் பகிடி அது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். கடிதத்தில் 'சாப்பிட்டாயா' என்று மட்டும் எழுதாதீர்கள். யாரும் என்னிடம் அதைக் கேட்கக்கூடாது என்று சிஸ்ரரும் சொல்லியிருக்கிறா. கேட்டால் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை,
ஜெயரூபினி

*

வவுனியா,
28.11.1994

அன்பின் ரூபிக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் எல்லோரும் நலம். நீயும் அப்பாவும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் பார்த்து அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நெஞ்செரிவா? அடி விசரி, அது அல்சர். இங்கே வீட்டுக்கார இலட்சுமி அக்காவுக்கு அல்சர், அத்தானின் முதலாளிக்கு அல்சர், தபால் கந்தோரில் முத்திரை விற்கிறவருக்கும் அல்சர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நோய், வருத்தம் என்றால் ஒரு பெயர் வேண்டும். பெயர் வந்துவிட்டது. பெயரில்லாத அந்தப் பழைய கதையை இனி நாங்கள் இருவரும் விட்டுவிடுவோம்.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறவளா நான்? டொக்டரிடம் போனேன். பாதை பூட்டிக் கிடக்கையில் உன்னைக் கூட்டிக்கொண்டு போக வழியில்லை, அதனால் உன் எரிவை என் எரிவு என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, புளி, செத்தல் மிளகாய், தேங்காய்ப்பால், பொரியல், வெறுந்தேத்தண்ணி எல்லாவற்றையும் விடச் சொன்னார். "உடம்பையும் கொஞ்சம் குறைச்சால் நல்லம், தங்கச்சி" என்றார். அது எனக்கு, உனக்கல்ல. மற்றதெல்லாம் உனக்கு. ஒன்றும் பிசகாமல் பிடி. இலட்சுமி அக்கா இறாலையும் நண்டையும் சேர்த்து விடச் சொல்கிறா. அவை சூடு.

கூட்டுறவுச் சங்க லொறியில் வருகிற ராசு அண்ணையிடம் எரிவுக்குச் சப்பித் தின்கிற வெள்ளைக் குளிசை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சோதனைச்சாவடியில் ஆமி எடுக்காவிட்டால் உன் கைக்கு வரும்.

இன்னொரு செய்தி. செட்டிகுளத்தில் அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறார், நல்ல பிள்ளை, குடியில்லை. உன்னைப் பற்றி விசாரித்தார்கள். ஏன் ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்றும் கேட்டார்கள். அல்சர் என்று சொன்னேன். சொல்லும்போது என் வாய் கொஞ்சமும் தடுமாறவில்லை.

அன்புடன்,
அக்கா மார்கிறட்

*

வலைஞர்மடம்,
19.12.1994

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நல்ல சுகம். பாலன் பிறப்பு உங்கள் வீட்டுக்குச் சமாதானத்தைக் கொண்டுவரட்டும்.

குளிசைகள் வந்தன, பாதி தூளாக. உங்கள் கடிதம் போல எனக்கு இதமான கடிதம் இதுவரைக்கும் வரவில்லை. நான்கு தரம் வாசித்தேன். எனக்கு அல்சர் என்று எழுதியிருந்த இடத்தில் பெருமூச்சு வந்தது. இனி யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றிருக்கிறது.

பத்தியம் பிடித்துவிட்டேன். புளி விட்டேன், மிளகாய் விட்டேன், தேங்காய்ப்பால் விட்டேன். எரிவு குறைந்திருக்கிறது. சிஸ்ரரிடம் இன்னும் சொல்லவில்லை. அவ எல்லாம் தின்னச் சொல்கிற ஆள், டொக்டருக்குத் தெரிந்தது அவவுக்குத் தெரியுமா?

நேற்று வைத்த சொதியைப் பார்த்து அப்பா, "இது சொதியோ, சட்டி கழுவின தண்ணியோ?" என்றார். ஆனாலும் குடித்தார். இந்த வருடம் நந்திக்கடல் களப்பில் இறால் நல்ல பாடு, வலை நிறைய விழுகிறது. அப்பா வீச்சுவலையோடு விடியப் போய் வருகிறார். பெருங்கடலுக்கு அவர் போவதில்லை. பிடித்ததெல்லாம் விற்பனைக்குத்தான் போகிறது, குசினிக்குள் வருவதில்லை.

வேறு ஏதாவது விலக்க இருந்தால் மறக்காமல் எழுதுங்கள். எவ்வளவு விலக்கினாலும் நான் பிடிப்பேன்.

அன்புத் தங்கை,
ரூபி

*

வவுனியா,
22.01.1995

அன்பின் ரூபி,

நாங்கள் சுகம். சின்னவளுக்குச் சளி, மற்றபடி ஒன்றுமில்லை. உங்கள் இருவரின் சுகத்துக்கும் நாளும் செபமாலை சொல்கிறேன்.

உன்னைப் போலப் பத்தியம் பிடிக்கிற ஒரு பிள்ளையைத் தான் காணவேயில்லை என்று இலட்சுமி அக்கா சொல்கிறா. எனக்குக் கழுத்து நிமிர்ந்துவிட்டது. சின்னனில் மருந்து குடிக்கக் கொடுத்தால் வேலியால் பாய்கிறவள் நீ.

கேட்டாய் அல்லவா, எழுதுகிறேன். பருப்பு வாயு. தக்காளி புளி, அதுவும் கூடாது. முட்டையை மஞ்சள் கரு இல்லாமல் எடு. கத்தரிக்காய் கிரந்தி. பேக்கரிப் பாண் அமிலம் கூட்டும் என்று அத்தானின் முதலாளி சொல்கிறார், அவர் பத்து வருட அல்சர்காரர், அனுபவம் பேசுகிறது. குழைவாகச் சோறு வடித்து மோரோ, அவித்த கீரையோ சேர்த்துக்கொள். அரோரூட் மா அனுப்புகிறேன், கூழ் காய்ச்சு.

பாவம் அப்பா, இதையெல்லாம் அவரும் தின்ன வேண்டுமா? அவருக்குத் தனிச்சட்டியில் உறைப்பாக வை.

சண்டை ஓய்ந்திருக்கிறது. பெரிய வியாழனுக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் இங்கே பாட்டுக்குழுவில் நான் நிற்க வேண்டும். அது முடிந்த கிழமையே, சோதனைச்சாவடி தாண்டப் பாஸ் எடுத்துக்கொண்டு வருவேன். சின்னவளையும் கூட்டி வருவேன். அவளுக்கு அப்பாவின் தோணியில் ஏற வேண்டுமாம்.

அன்புடன்,
அக்கா

*

வலைஞர்மடம்,
06.03.1995

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல்.

அரோரூட் மா கிடைத்தது. நீங்கள் எழுதியபடி எல்லாவற்றையும் விலக்கிவிட்டேன். எரிவே இல்லை. வயிறு அமைதியாக இருக்கிறது, தேவாலயத்தில் ஆட்கள் போன பிறகு இருக்குமே, அப்படி.

விபூதிப் புதனோடு தவக்காலம் தொடங்கிவிட்டது. ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு நான் ஒருசந்தி பிடிக்கிறேன். நோயாளிகளுக்கு ஒருசந்தி கடமையில்லை என்று சாமியார் பிரசங்கத்தில் என்னைப் பார்த்தே சொன்னார். நான் நோயாளி இல்லையே, அல்சர் மட்டும்தானே.

அப்பா தனிச்சட்டி வேண்டாம் என்கிறார்.

அன்புத் தங்கை,
ரூபி

*

வவுனியா,
27.03.1995

அன்பின் ரூபி,

எல்லோரும் நலம். அங்கே எப்படி?

உன் கடிதம் மிகவும் சின்னது. எழுத நேரமில்லையா, கொப்பித்தாள் இல்லையா? இருந்தாலும் எரிவே இல்லை என்ற வசனத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப அவள் என்னதான் தின்னுறாள்?" என்று கேட்டார். ஆம்பிளைகளுக்கு ஒன்றைச் சந்தோசமாகக் கேட்கத் தெரியாது. நான் விளக்கைக் குறைத்துவிட்டேன்.

ஒருசந்தி பிடிக்கிறது நல்ல காரியம்தான். ஆனாலும் கவனம். செட்டிகுளத்து ஆட்கள் உன் படம் கேட்கிறார்கள். நல்ல சட்டை போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. முகம் மட்டும் தெரிந்தால் போதாது, முழு ஆளும் தெரிய வேண்டும்.

இன்னும் மூன்று கிழமை, பார்த்துக்கொண்டிரு. வருகிறேன்.

அன்புடன்,
அக்கா

*

வவுனியா,
14.05.1995

அன்பின் ரூபி,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் இருவரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமையே திரும்பச் சண்டை தொடங்கும் என்று யார் கண்டது? பெட்டி கட்டி வைத்தது கட்டியபடி இருக்கிறது. பாஸ் கந்தோர் வாசலில் போய் நின்று நின்று கால் வீங்கிவிட்டது. நாளைக்கு வா என்கிறார்கள், எந்த நாளை என்று சொல்வதில்லை.

படமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. தபால் தடங்கல் என்று நினைத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்கு, உங்களுக்குக் கிட்டவுள்ள புதுக்குடியிருப்பிலிருந்து கடிதம் வந்தது. அதை நான் பார்க்காததுபோல இருந்தேன்.

ஒரு வரி எழுது, ரூபி. பத்தியம் பற்றி வேண்டாம். எதையாவது எழுது.

அக்கா

*

வலைஞர்மடம்,
18.06.1995

மகள் மார்கிறட்டுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

சுகம் எண்டுதான் கடிதம் துவங்கவேணும். இப்ப சுகம்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, நீ பிழை பிடியாதை. உன்ரை கடிதங்களை ரூபி தலாணிக்குக் கீழ வைச்சிருக்கிறாள். எனக்கு வாசிச்சுக் காட்டிறவள். நீ ஒண்டை விடச் சொல்ல அவள் ரெண்டை விடுவாள். அவளுக்கு அது வாய்ச்சுப் போச்சு. முந்தி வேண்டாம் எண்டு சொல்ல ஒரு காரணமும் இல்லாமல் இருந்தவள், இப்ப அக்கா சொன்னவா, டொக்டர் சொன்னவர் எண்டு சொல்லுவாள். நான் என்னத்தைச் சொல்ல? டொக்டரோட வாதாட நான் ஆர்?

தனிச்சட்டி வேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான். அவளை நான் கேக்கக்கூடாது எண்டு சிஸ்ரர் சொன்னவா. அதால கேக்கேல்லை. நீ எதை விடுறியோ அதை நானும் விடுறன் எண்டு மனதுக்குள்ள வைச்சுக்கொண்டு முன்னால இருந்தன். என்னைப் பாத்து எண்டாலும் கூடத் தின்னுவாள் எண்டு நினைச்சன். அவள் கோப்பையைத்தான் பாத்தாள், என்னைப் பாக்கேல்லை. தவக்காலத்தில ரெண்டு பேருக்கும் கூழ்தான்.

பெரிய வெள்ளிக்கு முதல் நாள் வலை வீசேக்கை தலை சுத்தி நந்திக்கடலுக்குள்ள விழுந்து போனன். முழங்கால் தண்ணிதான். தண்ணி கூட எண்டால் எனக்கும் வின்சனுக்கும் ஒரு வழிதான். பக்கத்தில வலை வீசின நடராசா கண்டு தூக்கி வந்தவன். ரூபி ஓடி வந்து என்ரை சட்டையைக் கழட்ட எலும்பைக் கண்டாள். "அப்பா, உங்களுக்கு என்ன நடந்தது?" எண்டாள். அவளுக்கு விளங்கிட்டுது.

அண்டைக்கே பருப்பு வைச்சாள். பிறகு முட்டை. அவள் தன்ரை வாயில ஒரு பிடி வைக்க நான் ஒரு பிடி வைப்பன். எரியுது எண்டு நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு அழுவாள், அழுதழுது தின்னுவாள். சிஸ்ரரிட்டை எல்லாத்தையும் சொல்லிப்போட்டாள். சிஸ்ரர் ஏசேல்லை. எரிவு வரும் போகும், எரிவுக்குப் பயந்து சாப்பாட்டை அனுப்பாதை எண்டு மட்டும் சொன்னவா. மீன் இன்னும் தொடேல்லை. அது ஆறுதலா வரட்டும்.

நீ அன்பிலதான் எழுதினனீ, எனக்குத் தெரியும். இனி எழுதாதை. அவள் உனக்கு எழுத வெக்கப்படுறாள், அதாலதான் நான் எழுதிறன். நீ ஒண்டும் அனுப்ப வேண்டாம். வந்து எங்களோட இருந்து ஒரு நேரம் சாப்பிடு, அது காணும்.

பேத்திக்கு முத்தம்.

அப்பா,
மரியநேசன்

*

வவுனியா,
30.07.1995

என் அன்பான அப்பாவுக்கும் ரூபிக்கும்,

இங்கே எல்லோரும் நலமென்று எழுதுகிறேன், எனக்குள் நலமில்லை.

அப்பா, உங்கள் கடிதம் இங்கே வந்து சேர ஆறு கிழமை எடுத்தது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை. அத்தான் கடையில் வாங்கி வந்து சின்னவளுக்குக் கொடுத்தார்.

டொக்டர் பார்த்தது என்னை. என் கன்னத்தையும் என் இடுப்பையும் பார்த்து எனக்குச் சொன்ன பத்தியத்தை நான் என் தங்கச்சிக்கு அனுப்பினேன். இரண்டு வருடம் பட்டினி கிடந்த பிள்ளை இவள் என்று அந்த மனிசனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வேறு சொல்லியிருப்பார். சொல்ல எனக்கு வெட்கம். அறிமுகமில்லாத ஒரு டொக்டர், அவருக்கு முன்னால் எனக்கு என்ன வெட்கம் என்று இப்போது என்னையே கேட்கிறேன். தங்கச்சிக்கு அல்சர் என்று சொல்வது எனக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்துக்காகத்தான் அடுத்தடுத்த கடிதங்களை எழுதினேன். அத்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் நான் விளக்கைக் குறைத்தேன்.

ரூபி, தலையணைக்குக் கீழே இருக்கிற கடிதங்களை அடுப்பில் போடு. நான் விடச் சொன்னதையெல்லாம் அப்பா முன்னால் இருக்கத் தின்னு. எரிந்தால் என்னைத் திட்டு. செட்டிகுளத்து ஆட்களுக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர்கள் பிறகு வரவில்லை, வராமல் இருக்கட்டும்.

அப்பா, உங்களுக்கு உறைப்பில்லாமல் தொண்டைக்குள் சோறு இறங்காது என்பதைத் தெரிந்துகொண்டும் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நான் ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. தனிச்சட்டி வை என்று எழுதிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

பாஸுக்குத் திரும்பவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருவேன். ஒரே சட்டியில் சமைப்போம்.

உங்கள் மகள்,
மார்கிறட்

*

வலைஞர்மடம்,
17.12.1995

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கு ஆண்டவர் திடனைத் தரட்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இதை வாசியுங்கள். அத்தான் பக்கத்தில் இருக்கும்போது வாசியுங்கள்.

அப்பா போய்விட்டார். நவம்பர் பதினான்காம் தேதி. தந்தி அனுப்பினோம், அது வந்திருந்தால் நீங்கள் எப்படியாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பீர்கள். அதனால் வரவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

மலேரியா. இங்கே வீட்டுக்கு வீடு அதுதான். யாழ்ப்பாணத்துச் சனமும் இடம்பெயர்ந்து வந்துகொண்டிருந்த நேரம், சிஸ்ரர்மாரிடம் இருந்த குளிசையெல்லாம் முடிந்துபோயிற்று. நடராசா அண்ணை சைக்கிளில் கிளிநொச்சி வரை போய்த் தேடினார். அவர் கொண்டுவந்தபோது அப்பாவுக்கு விழுங்கத் தெம்பில்லை.

கடைசிக் கிழமை நான் அவருக்கு முன்னால் கோப்பையோடு இருந்தேன். அவர் எனக்குச் செய்ததைத்தான் செய்தேன். கேட்கவில்லை. நான் ஒரு பிடி வாயில் வைத்தேன், அவர் வைக்கவில்லை. நான் இன்னொரு பிடி வைத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். "நல்லாத் தின்னுறாய்" என்றார். அவருக்கு அது சந்தோசமாக இருந்தது, அக்கா. அதை நான் பொய்யாக எழுதவில்லை.

அவரைக் கழுவியபோது எலும்பைக் கண்டு அயலார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காய்ச்சல்தான் கொண்டுபோனது, வேறொன்றுமில்லை என்று சிஸ்ரர் சொல்கிறா. கேட்கிறவர்களுக்கு நானும் அப்படித்தான் சொல்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். எங்கள் இருவருக்குள்ளும் அதைப் பற்றி இனி எழுதிக்கொள்ள வேண்டாம். நான் நினைக்காமல் இருக்கப்போவதில்லை, நீங்களும் இருக்கப்போவதில்லை. எழுதினால் யார் கூடப் பிழை விட்டது என்று பங்கு பிரிக்கத் தொடங்கிவிடுவோம்.

வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள், கடல் கொண்டுபோகாத சாவென்றாலும் வீட்டுக்குள் திரும்ப மீன் ஏறுகிற நாள். அயல் பெண்கள் வந்து சமைத்தார்கள். அப்பாவுக்குப் பிடித்ததென்று நடராசா அண்ணை நந்திக்கடலில் திரளி மீன் பிடித்து வந்தார். புளி கரைத்து, செத்தல் மிளகாய் அரைத்து, தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு. நீங்கள் விடச் சொன்னது எல்லாமும் அந்த ஒரு சட்டிக்குள் இருந்தது. முதல் துண்டை வீட்டு ஆள் கடிக்க வேண்டும் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணாவுக்கு அப்பா கடித்தார். அப்பாவுக்குக் கடிக்க நான்தான் இருந்தேன்.

கடித்தேன். முள் எடுத்துச் சாப்பிட்டேன். மூன்று வருடத்துக்குப் பிறகு.

எரிந்தது. முந்தி எரிந்தது போலவே தொண்டை வரைக்கும் வந்தது. எழும்பிக் கொல்லைப்பக்கம் போகக் கால் உன்னியது, அதையும் உங்களுக்கு மறைக்கவில்லை. போகாமல், அப்பா கல் வைத்து உயர்த்திய தலைமாட்டில் சாய்ந்து இருந்தேன். கனநேரம் இருந்தேன். எரிவு தணிந்தது. மீன் உள்ளே நின்றுவிட்டது.

ஒரு விடயம் கேட்க வேண்டும். முதல் கடிதத்தில் ஒன்றை எழுத வேண்டாம் என்று கேட்டிருந்தேன். நீங்கள் ஒரு கடிதத்திலும் அதை எழுதவில்லை. அப்பாவும் என்னிடம் கேட்கவேயில்லை, கேட்காமலே போய்விட்டார். அவருக்கு வாய் நுனியில் இருந்திருக்கும். இப்போது இந்த வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை.

இனி நீங்கள் கேட்கலாம்.

அன்புத் தங்கை,
ரூபி

*

வவுனியா,
11.01.1996

அன்பின் ரூபி,

நாங்கள் இருக்கிறோம். தந்தி வரவில்லை. உன் கடிதம்தான் வந்தது. அத்தான் பக்கத்தில் இருந்தார்.

அப்பாவுக்கு இங்கே பூசை ஒப்புக்கொடுத்தோம். பூசை முடிந்து வந்து மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன், புளி விட்டு, மிளகாய் போட்டு. நான் முதல் துண்டைக் கடித்தேன். கடித்துக்கொண்டு அழுதேன். சின்னவள், "முள்ளு குத்திப்போட்டுதோ அம்மா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

நீ சொன்னதுபோலப் பங்கு பிரிக்கமாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும். வந்து ஒரு நேரம் எங்களோடு சாப்பிடு என்று அப்பா கேட்டார். அவர் கேட்பதற்கு முன்னமே வந்திருக்கலாம், நான் உயிர்த்த ஞாயிறு முடியட்டும் என்று இருந்தேன். வழி திறந்திருந்த மாதங்களில் நான் பாட்டுக்குழுவில் நின்றேன். அதற்குப் பாஸ் கந்தோரைக் குற்றம் சொல்ல முடியாது.

பாஸ் கிடைத்தால் அடுத்த நாளே நான் வருவேன். உனக்குக் கிடைத்தால் நீ வா. எது முந்துகிறதோ அது. இங்கே உன் கட்டிலுக்குத் தலைமாட்டில் கல் வைத்துவிட்டேன்.

இனி எழுத எனக்கு வேறொன்றும் வரவில்லை. ஒன்றைத்தான் ஒரு வருடத்துக்கு மேலாகக் கைக்குள் பொத்தி வைத்திருந்தேன்.

சாப்பிட்டாயா?

அக்கா